அக்கா கொண்டுவந்த மூன்றாவது பாட்டில்

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பைக் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறேன். வண்டி விட வருகிறவர்களிடம் குறையைக் கேட்டு எழுதிக்கொள்வது என் வேலை. அதனாலேயே மயிலாப்பூரில் இருக்கும் என் அக்கா, வண்டிச் சாமான் எதுவானாலும் என்னிடம் கொண்டுவருவாள். முதலில் பஞ்சர் ஆகாமல் தடுக்கும் திரவம். அடுத்தது கார் பாலிஷ். இந்த முறை மைலேஜ் கூடும் என்று பெட்ரோலில் கலக்கும் ஏதோ ஒன்று. கம்பெனி ஒவ்வொரு தடவையும் வேறு; ஆள் சேர்த்தால் கமிஷன் என்பது மட்டும் மாறவே இல்லை.

"நீ ஒர்க்ஷாப்ல கீறே. நல்ல சாமான்னு ஒரு வார்த்த சொல்லேன், பத்து பேரு சேருவாங்க" என்றாள்.

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்க்கா."

என் ஸ்கூட்டரில் ஊற்றி இரண்டு வாரம் ஓட்டினேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதைச் சொல்வதற்குள் தி.நகரில் ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு மணி நேரம் மேடையில் பரிசுக் கார், வெளிநாட்டுப் பயணம் என்றே பேசினார்கள். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம், கம்பெனியில் சேராத யாராவது அவரிடம் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "சேந்தாத்தானே மேடம் டிஸ்கவுன்ட்டு?" என்றார். அதற்கு மேல் விசாரிக்க எனக்கு எதுவும் மிச்சமில்லை.

அப்போது புதிதாகச் சேர்ந்தவள் என்று அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஏறினாள். மண்டபமே கைதட்டியது.

கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சொன்னேன். "அதுல ஒண்ணும் இல்லக்கா."

"தெரியும்டி. உங்க மாமா வண்டில போன மாசமே ஊத்திப் பாத்துட்டேன்."

"அப்பறம் இன்னாத்துக்கு இதெல்லாம்?"

"பதினெட்டு வருசமா அந்த ஊட்ல சோறாக்கிக்கினு கீறேன். எவனாச்சும் எனக்குக் கை தட்டிகீறானா?"

பஸ் நிரம்பி வந்தது. தொற்றிக்கொண்டோம். நந்தனத்தில் ஒரு இடம் காலியானதும் அவளை உட்காரவைத்தேன்.

நல்ல சாமான் என்று அவள் சொல்லச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்தாள். ஆள் கிடைக்காமல் அந்தக் கூட்டங்களும் அவளுக்கு நின்றுபோயின. மறுபடி பேச ஆரம்பித்தபோது இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவளை அதில் சேர்த்துவிட்ட பெண் இப்போது எனக்கே வாட்ஸப் அனுப்புகிறாள். வண்டி தெரிந்தவர்கள்தான் வேண்டுமாம். பிளாக் பண்ணக்கூட அலுப்பாக இருக்கிறது.