வளைவில் நான் கட்டிய மேடை

ஈப்போ பக்கத்து லகாட்டிலிருந்து எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக்கு வரும் ரோட்டில் ஒரு வளைவு உண்டு. என் தம்பி அங்கேதான் போனான். மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, ஓரத்தில் நின்ற பால்மரத்தில் மோதி, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

கருமாதி முடிந்ததும் அந்த மரத்தை வெட்டி, அதே இடத்தில் முனீஸ்வரருக்கு இடுப்பளவு உயரத்தில் மேடை கட்டி, சூலமும் கல்லும் வைத்தேன். கம்பி கட்டி, கலவை போட்டது எல்லாம் நானே. இனி ஒரு உயிரும் இங்கே போகக்கூடாது அப்பனே என்று கற்பூரம் ஏற்றினேன். போகிறவர்கள் ஹாரன் அடித்துக் கும்பிட்டுப் போவார்கள்.

இரண்டு வருடம் கழித்து, எங்கள் வீட்டு வரிசையில் மூன்றாம் வீட்டுக்காரர் அதே வளைவில் மோட்டாரோடு விழுந்தார். தலை மேடையில் அடித்தது. "சாமி காலடியில போயிருக்காரும்மா" என்று அவர் மனைவியிடம் ஆறுதல் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தம்மா வெள்ளிக்கிழமை விளக்குக்கு எண்ணெய் கொண்டு வருவது மட்டும் நின்றுபோனது.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை மேடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கூரையில் கேமரா வைத்த கார் ஒன்று மெதுவாக வந்து நின்றது. ரோட்டில் எங்கெங்கே ஆபத்து என்று வரைபடம் போடுகிறார்களாம். இறங்கிய இன்ஜினியர் நம்ம தமிழ்ப் பொண்ணுதான், ஈப்போவாம். கையில் இருந்த படத்தில் எங்கள் ரோடு சிவப்பாக இருந்தது.

"இந்த ரோட்டுக்கு ஒரு ஸ்டார்தான் அங்கிள்."

"ரோட்டுக்கும் ஸ்டாரா? ஹோட்டல் மாதிரி?"

"ஆமா. ஹோட்டல்ல ஒரு ஸ்டார்னா மூட்டப்பூச்சி கடிக்கும். இங்க உயிர் போகும்லா."

சிரித்தேன். தார் விளிம்பிலிருந்து மேடைவரை டேப் பிடித்தாள். ஒரு மீட்டர்கூட வரவில்லை.

"உள்ள கம்பி இருக்கா அங்கிள்?"

"இருக்கும்மா. லோரி இடிச்சாலும் அசையாது." பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் டேப்பைச் சுருட்டினாள். "சாமிய குத்தம் சொல்லல அங்கிள். மோட்டார்ல போறவன் விழத்தான் செய்வான். ஓரத்துல வெறும் புல்லா இருந்தா உருண்டு எந்திரிச்சிருவான். கல்லோ மரமோ இருந்தாதான் செத்துப் போறான். இங்க யாராச்சும் மோதியிருக்காங்களா?"

"என் தம்பி. மரத்துல."

அதோடு நிறுத்திக்கொண்டேன். அவள் படத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள். சந்தேகம் இருந்தால் கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று பூஜையில் உட்கார்ந்தேன். மந்திரம் வரவில்லை. இன்ஜினியர் சொன்னதை என் மனைவியிடம் சொன்னேன். "சாமிய தள்ளி வச்சிருங்க. மூணாம் வீட்டு விஷயத்த எதுக்கு இப்ப கிளறுறீங்க?" என்றாள். சாயந்தரம் மூன்றாம் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தம்மா துணி மடித்துக்கொண்டிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும்ண்ணே. அவரு விழுந்ததுல கைகால் ஒண்ணும் முறியல, மண்டைதான். சாமிய வச்சிருக்கீங்களேன்னு வாய மூடிக்கிட்டேன்."

ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுக் கேட்டது:

"அந்தப் பொண்ணுகிட்ட எங்க வீட்டுக்காரரச் சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப அவரு அந்தப் படத்துல இல்லையா?"

அந்தம்மா எதிரிலேயே இன்ஜினியருக்குப் போன் போட்டேன். "இன்னொரு ஆளும் இருக்காரும்மா" என்றேன்.

"எதுல மோதினாரு அங்கிள்?"

"நான் கட்டுன மேடையில."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "புள்ளி போட்டுட்டேன் அங்கிள்" என்றாள். அந்தம்மா அடுத்த துணியை எடுத்தது.

மறுவாரம் எலுமிச்சம்பழம் வைத்து உத்தரவு கேட்டு, சூலத்தையும் கல்லையும் எங்கள் வீட்டுப் பின்புறம் கொண்டு வந்து வைத்தேன். மேடையை உடைக்க மூன்று நாள் ஆனது. சிமிண்டு பெயர்ந்துவிட்டது. கம்பிதான் விடவே இல்லை.