விருந்துச் சோறும் என் சினை ஆடும்

பணி ஓய்வுக்குப் பின் உத்திரமேரூர் அருகே ஆடும் கோழியும் வளர்க்கிறேன். வளர்க்க நினைக்கும் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நாயை விரட்டிவிடலாம், புண்ணியம் தேடும் பக்கத்து வீட்டுக்காரரை விரட்ட முடியாது.

சென்ற மாதம் அவருடைய பேத்திக்குக் காது குத்தல். நான் சாப்பிட்டுவிட்டு அங்கேயே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மிச்சச் சோற்றை அண்டாவோடு கொண்டுபோய் என் ஆட்டுப் பட்டியில் கவிழ்த்துவிட்டார். கோழிகளுக்குக் கொண்டாட்டம். ஆடுகளும் முண்டியடித்துத் தின்றன.

சாயங்காலம் சினை ஆடு வயிறு உப்பி, அசை போடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டது. ஆடு வயிறு நிறையச் சோறு தின்றால் அது உள்ளே புளித்து உயிரையே வாங்கும். இதை அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"இன்னா சார், வாயில்லா ஜீவன் துன்னட்டுமேன்னு போட்டேன். இதுக்குப் போயி பேஜார் பண்றீங்களே!"

"உன் புண்ணியத்துக்கு என் ஆடுதான் கெடச்சுதா? வந்து தலையப் புடி."

அவர் பிடிக்க, ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். பிறகு கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். மறுநாள் காலையில் ஆடு எழுந்து அசை போட்டது.

வேலியோரம் நின்று பார்த்தவர் பெருமையோடு சொன்னார்: "பாத்தீங்களா சார்? அன்னதானம் வீண் போவாது!"

இப்போது பட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். அவர் வீட்டில் அடுத்து வளைகாப்பாம், அழைத்துவிட்டுப் போனார். வாயார வாழ்த்தினேன். அன்று முழுவதும் பட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.