குமரேசன் போனில் நான் எடுத்த அப்டேட்

1. டிஸ்ப்ளே போகாத போன்

காலை பத்து மணி இருக்கும். அப்போதுதான் கடையைத் திறந்து, மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர் போனைக் கவுண்டரில் வைத்தார். திரை கறுப்பாக இருந்தது. பவர் பட்டனை அமுக்கினேன். கறுப்பு. சார்ஜர் போட்டேன். போன் ஒரு தடவை அதிர்ந்தது, வெளிச்சம் மட்டும் வரவில்லை. கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல் வேறு. தண்டையார்பேட்டையில் இருபத்திரண்டு வருடமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவளுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"டிஸ்ப்ளே போச்சுண்ணே. டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த காம்போ மாத்தணும்" என்றேன். சொல்லும்போதே, திரையைச் சூடாக்கிக் கழற்றுகிற ஹீட் கன்னை ஆன் செய்துவிட்டேன்.

அவர் சிரித்தார். "டிஸ்ப்ளே நல்லாதான் கீது மேடம். நாந்தான் மூடி வெச்சிகீறேன். எனுக்கு எதுக்கு டிஸ்ப்ளே?"

அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி. அக்குளில் மடித்து வைத்த வெள்ளைக் கோல். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் முதலில் போனைத்தான் பார்ப்போம், ஆளைப் பார்ப்பது அப்புறம்தான். அந்தப் பழக்கம் அன்றைக்கு என்னை முதல் தடவையாகத் தலைகுனிய வைத்தது. இரண்டாவது தடவைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அவர் பெயர் குமரேசன். வியாசர்பாடிக்காரர். மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. போனில் உள்ளதை எல்லாம் வாய்விட்டுப் படித்துச் சொல்கிற ஸ்க்ரீன் ரீடர் வைத்துத்தான் வேலை செய்கிறார்.

"நைட்டு சார்ஜ் போட்டுட்டு பட்த்தேன் மேடம். காலீல எய்ந்து பாத்தா ரீடரு அப்டேட் ஆயி, வேற ஆளு மாரி பேசுது. வெரல வெச்சா அப்பால யோசிச்சி யோசிச்சி சொல்லுது. மின்ன மேல இஸ்து சைடுல தள்ளுனா மெனு வரும், இப்ப இன்னாமோ வருது. எனுக்கு மின்ன இர்ந்த பயசே வோணும். அப்டேட்ட எட்த்துடு."

"அவசரமாண்ணே? வெச்சிட்டுப் போறீங்களா?"

"ரெண்டு மணிக்கு ஷிப்டு. மூணு மணிக்கு மாக் ட்ரில்லு கீது."

தீ விபத்து நடந்தது மாதிரி கம்பெனியில் ஒத்திகை. சைரன் அடித்ததும் ஆபரேட்டர்தான் ஒவ்வொரு பிரிவையும் வரிசையாகக் கூப்பிட வேண்டும். முன்பு அவரிடம் பழைய டெலிபோன் போர்டு இருந்ததாம், விரலுக்குத் தெரிந்த பட்டன்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் அதைக் கழற்றிவிட்டு, போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். புது மேனேஜருக்கு ஆரம்பத்திலிருந்தே இவர்மேல் நம்பிக்கை இல்லை.

"இன்னிக்கு ட்ரில்லுல சரியா பண்ணா ஆபரேட்டர் சீட்டு உனுக்கு, இல்லாங்காட்டி ஸ்டோர்ல போயி சும்மா ஒக்காரு, சம்பளம் வந்துரும்னு சொல்லிகிறான். பதினாலு வர்சமா வேல செஞ்சவன் மேடம் நான். சும்மா ஒக்கார வெச்சி சோறு போட்றானாம்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

2. எடுக்க முடிகிற அப்டேட், முடியாத அப்டேட்

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். "அப்டேட்டை எடுத்துக் குடு" என்று கேட்டு வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். வந்திருப்பது எந்த அப்டேட் என்று முதலில் பாருங்கள். போனின் சிஸ்டம் முழுவதும் மாறியிருந்தால் பழையதைத் திரும்பப் போடுவது பெரிய வேலை. கம்ப்யூட்டரில் மாட்டி சிஸ்டத்தையே மறுபடி ஏற்றுகிற ஃப்ளாஷ் போட வேண்டும், உள்ளே இருக்கிற போட்டோ முதல் மெசேஜ் வரை எல்லாம் துடைத்துக்கொண்டு போகும். சில மாடல்கள் பழைய வெர்ஷனை ஏற்றுக்கொள்ளவே மாட்டா. வற்புறுத்தினால் போன் செத்துப்போகும். நானே இரண்டு கொன்றிருக்கிறேன்.

ஒரு ஆப் மட்டும் மாறியிருந்தால் விஷயம் சுலபம். போனோடு சேர்ந்து வந்த ஆப் என்றால் செட்டிங்ஸில் அதன் பக்கத்துக்குப் போய், மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்று இருக்கும். அதை அமுக்கினால் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த வெர்ஷனுக்குத் திரும்பிவிடும். அப்புறம் ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்புக்கு மட்டும் ஆட்டோ அப்டேட் டிக்கை எடுத்துவிட வேண்டும். சிஸ்டம் அப்டேட் தானாக ஏறாமல் இருக்க, பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்து அங்கேயும் ஒன்றை அணைக்கலாம். மொத்தம் ஐந்து நிமிட வேலை.

குமரேசனுடையது சுலபமான வகை. "அஞ்சு நிமிஷம்ணே" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

3. ஓகே அமுக்கியது

ஸ்க்ரீன் ரீடர் ஓடும் போனில் நம்மைப் போன்றவர்களால் வேலை செய்ய முடியாது. எதைத் தொட்டாலும் பேசும். ஒரு தடவை தொட்டால் திறக்காது, இரண்டு தடவை தட்ட வேண்டும். அதனால் மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். அவரிடம் திரையைத் திறக்கச் சொல்லி வாங்கினேன். வாங்கியதும் ரீடரை அணைத்து, மூடியிருந்த திரைக்கு வெளிச்சம் கொடுத்தேன். கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

"இன்னா மேடம், சத்தத்தையே காணோம்?" என்றார் கவுண்டரைத் தடவிக்கொண்டே.

"ஒரு நிமிஷம்ணே."

மூன்று புள்ளி. அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். இரண்டு வரியில் ஏதோ கேட்டது. ஓகே. அந்த இரண்டு வரிக்கு நான் ஆயிரம் தடவையாவது ஓகே அமுக்கியிருப்பேன், ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

ஆட்டோ அப்டேட்டை நிறுத்தினேன், ரீடரை மறுபடி ஆன் செய்து, பழையபடி வேகத்தை உச்சத்துக்கு ஏற்றி, திரையையும் மூடிக் கொடுத்தேன். போன் பேச ஆரம்பித்தது. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல், எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆங்! இதான், இதான்! தோஸ்து வந்துட்டான்!"

அந்த இரைச்சல் அவருக்குத் தெளிவான பேச்சு. அப்படி ஒரு காது மனிதருக்கு இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவர் கம்பெனி ஆப்பைத் திறந்தார். விரலை மெதுவாக ஓட்டினார். நானும் கேட்கட்டும் என்று வேகத்தைக் குறைத்திருந்தார்.

"பட்டன்" என்றது போன். "பட்டன். பட்டன். பட்டன்."

விரல் நின்றது.

"யக்கா, இன்னா அமுக்குன?"

அந்த ஆப்பில் வரிசைக்கு நாலாக முப்பத்தாறு படங்கள் இருந்தன. செய்தவர்கள் படம் போட்டார்களே தவிர, உள்ளே பெயர் எழுதவில்லை. பெயர் இல்லாத படத்தை ரீடர் 'பட்டன்' என்றுதான் சொல்லும். அதனால் ஒவ்வொன்றுக்கும் குமரேசனே ரீடரில் பெயர் வைத்திருக்கிறார்.

"ஒண்ணொண்ணா அமுக்கி, எட்த்தவங்கள 'அண்ணாத்த, நீ யாரு?'ன்னு கேட்டுக் கேட்டு வெச்ச பேருக்கா. ரெண்டு மாசம் ஆச்சி. தெனம் நாலு பேராண்ட திட்டு வாங்கிகீறேன்."

நான் படிக்காமல் ஓகே அமுக்கிய வரி 'இந்த ஆப்பின் டேட்டா எல்லாம் அழிந்துவிடும்' என்பது. ரீடர் ஓடியிருந்தால் அது அவர் காதில் விழுந்திருக்கும், அவர் நிறுத்தியிருப்பார். போனின் வாயை அடைத்துவிட்டு அவர் உழைப்பை நான் அழித்திருக்கிறேன். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். பிறகு நடந்ததை அப்படியே சொன்னேன். மறைத்தால் அவருக்குத் தெரியவா போகிறது என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மணி இன்னா?"

"பத்தே முக்கால்."

"பன்னண்ட்ரைக்கு நான் பஸ்ஸு ஏறணும். ஒரு ஸ்டூலு குடு."

4. ஆறு விரல்

ஸ்டூலில் உட்கார்ந்தார். போனைத் திருப்பி, திரை என் பக்கம் பார்க்கும்படி இரண்டு கையாலும் பிடித்தார். கட்டைவிரல்கள் ஓரத்தில். மற்ற விரல்களில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு விரல், திரைமேல். "பிரெய்லு கீபோர்டுக்கா. ஆறு புள்ளி, ஆறு வெரலு" என்றார். "உனுக்கு வோணும்னா வெளிச்சம் போட்டுக்க, நீ சரி பாரு."

வெளிச்சத்தைப் போட்டேன். முதலில் போனைத் தன் பக்கம் வைத்து ஒரு படத்தில் விரல் வைப்பார். மெனுவைத் திறப்பார். போன் திரும்பும். ஆறு விரலும் அமுக்கி அமுக்கி எடுக்கும், நான் எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன், 'பாய்லர்' என்று எழுத்து வந்து நிற்கும். அடுத்தது. 'லேப்'. அடுத்தது. 'டேங்கர் யார்டு'. எந்தப் படத்தையும் அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. முப்பத்தாறு இடமும் அவர் தலைக்குள் இருந்தது. ஏழாவது வரிசையில் மூன்றாவது யார் என்று கேட்டால், நம் வீட்டு சமையலறையில் உப்பு எங்கே என்று கேட்டது மாதிரி பதில் வந்தது. கடைக்கு வந்த இரண்டு பேரைக் காத்திருக்கச் சொன்னேன். அவர்களும் வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒரு படத்துக்கு 'மெயின் கேட்' என்று வைத்தார். நான் தடுத்தேன்.

"அண்ணே, அது சிவப்பு பிளஸ் போட்ட படம். ஆஸ்பத்திரி. டிஸ்பென்சரியா இருக்கும்."

"படம் தப்புக்கா."

"நல்லாப் பாத்துட்டுதாண்ணே சொல்றேன்."

"நீ பாத்த. நான் எட்டு மாசமா அமுக்கிகினு கீறேன். அங்க அமுக்குனா கேட்டு செக்யூரிட்டிதான் எடுப்பாரு. டிஸ்பென்சரி அதுக்குக் கீய கீது, வூடு படம்னு சொன்னாங்க, அது. என் லீவு நாள்ல ஒக்கார்ற ஆளுக்கு ரெண்டு கண்ணும் ஜோரா தெரியும். மயக்கம் போட்டவனுக்கு டாக்டர கூப்பிட்றேன்னு கேட்டுக்குப் போன் போட்டுகினு கீறாரு."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உடம்பு சிலிர்த்தது. கறுப்பான ஒரு கண்ணாடித் தகட்டுக்குள் ஒரு தொழிற்சாலையையே அடுக்கி வைத்திருக்கிறார் இந்த மனிதர், அதுவும் படம் வரைந்தவனைவிடச் சரியாக. "சுப்ஹானல்லாஹ்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு பத்துக்கு முப்பத்தாறாவது பெயர் முடிந்தது. அதற்குள் நான் ரீடரின் செட்டிங்ஸைக் குடைந்து, வைத்த பெயர்களை எல்லாம் ஒரு ஃபைலாக எடுத்து வைக்க வழி இருப்பதைக் கண்டுபிடித்தேன். இவ்வளவு நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது. இந்தத் தடவை அவரிடம் கேட்டு, ரீடர் பேசப் பேச, அந்த ஃபைலை எடுத்து அவர் மெயிலுக்கு அனுப்பினேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழி என் நாக்கு நுனி வரை வந்தது. கடித்து விழுங்கினேன். அவரே சொன்னார்.

"இன்னாக்கா, கண்ணு கெட்ட அப்பால சூரிய நமஸ்காரமா?"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நான் பஸ் ஸ்டாப் வரை கூடவே போய் ஏற்றிவிட்டேன்.

5. மூன்று மணிக்கு மேல்

மூன்று மணியிலிருந்து எந்தப் போனையும் பிரிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் சீட்டு போனால் போக வைத்தது நான் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றே முக்காலுக்குப் போன் வந்தது. "வணக்கம், டெலிபோன் ஆபரேட்டர் பேசுகிறேன்" என்று சுத்தமான தமிழில் ஒரு குரல். எனக்கு ஆள் தெரியவில்லை. அப்புறம் அதே குரல் இறங்கி வந்தது.

"யக்கா, நாந்தான். முப்பத்தாறும் எட்த்துச்சி. பத்து நிமிசத்துல முட்ச்சிட்டேன். மேனேஜரு பக்கத்துல நின்னுகினு, 'ஏம்பா, ஆஸ்பத்திரி படத்த வுட்டுட்டு வூட்ட அமுக்குற?'ன்னாரு. 'நீயே அமுக்கிப் பாரு சார்'ன்னேன். அமுக்குனாரு. கேட்டு செக்யூரிட்டி 'வணக்கம் சார்'ன்றாரு!"

"சீட்டு?" என்றேன்.

"நான் இப்ப எங்க ஒக்காந்துகினு பேசறேன்னு நெனிச்ச?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "வேற கால் வருதுக்கா" என்று வைத்துவிட்டார்.

அப்டேட்டை எடுப்பது எப்படி என்று இந்தக் குறிப்பின் நடுவிலேயே சொல்லிவிட்டேன், அது ஐந்து நிமிடப் பாடம். மற்றதைக் கற்க எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. இப்போது ஓகே அமுக்குவதற்கு முன் அந்த இரண்டு வரியைச் சத்தமாகப் படிக்கிறேன், யார் வந்தாலும். "இந்த போன்ல நீங்களே உக்காந்து செஞ்சு வெச்சது என்ன இருக்கு?" என்றும் கேட்கிறேன். முதலில் எல்லோரும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். போன்மேலிருந்து கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருந்தால், ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.