மூன்று முறை எண்ணிய கட்டு

இளவழகன் நாச்சிமுத்துவுக்கு இருபத்தையாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். வளர்த்த மகன்தான், ஆனாலும் கடன் கடன்தானே.

நாச்சிமுத்து மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். கல்லுடைத்து, ரிக் லாரியில் கூலிக்குப் போய், நாற்பது வயதில் திருச்செங்கோட்டில் சொந்தமாக போர்வெல் ரிக் வாங்கி நிறுத்தியவர். ஒருத்தன் கைதூக்கி விட்டதில்லை. ஈரோடு ரயிலடியில் அழுதுகொண்டிருந்த நான்கு வயதுப் பையனைத் தூக்கி வந்து ஆளாக்கினார். பெற்றவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

மோட்டார் ரிப்பேர் கடை போட வாங்கிய பணத்தை இளவழகன் தவணை தாண்டியும் கொடுக்கவில்லை. ரிக் ஆட்கள் முன்னாலேயே கேட்டுவிட்டார்: "ஏன்டா, போட்ட சோத்துக்கா கணக்குக் கேட்டேன்? வாங்குன காசைத்தானடா கேக்கறேன்!"

மறுநாள் இளவழகன் வந்தான். நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு ஐம்பது ஐந்நூறு ரூபாய்த் தாள்களை மேசைமேல் வைத்தான். அப்பா என்றுகூடக் கூப்பிடவில்லை. போனவன் திரும்பவில்லை.

ஒரு மாதம் கழித்து மேட்டூர் அணையில் மீன்பிடிப்பவர்கள் வலையில் ஓர் உடல் சிக்கியது. முகம் அழிந்திருந்தது. இளவழகனைக் காணவில்லை என்று புகார் கொடுத்திருந்ததால் நாச்சிமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். எலும்பில் கொஞ்சம் ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு, எண் போட்டுப் புதைத்துவிட்டார்கள். அவன்தான் என்று தெரிந்தால் தோண்டித் தருவார்களாம்.

"பெத்தவங்க இருந்தா ரத்தம் போதுங்க. இல்லீன்னா அவர் எச்சில் பட்ட பொருள் ஏதாச்சும் வேணுங்க," என்றார் எஸ்.ஐ. ஜெயப்பிரியா.

நாச்சிமுத்துவின் மனைவி அத்தாயி வீட்டைப் புரட்டிப் போட்டாள். டம்ளரில் வாய் வைத்தால் நாச்சிமுத்து அறைவார். அண்ணாந்து குடித்தே வளர்ந்தவன் அவன். பல் விளக்கிய வேப்பங்குச்சியை அன்றன்றைக்கே எறிந்துவிடுவான். உடுப்புகளையெல்லாம், வந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று அவளே வெந்நீரில் அலசி மடித்து வைத்திருந்தாள்.

நாச்சிமுத்துவுக்குத்தான் பொறி தட்டியது. பீரோவிலிருந்து, அவன் கொடுத்த நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். "எச்சல் தொட்டு எண்ணுனானுங்க! படிச்சவங்க யாருக்காச்சும் இது தோணுச்சா?" அவர் கன்னத்தின் உள்பக்கத்தையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துக்கொண்டார்கள். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

ஏழு வாரம் போனது. கருமாதி செய்வதா, வருவான் என்று சோறு எடுத்து வைப்பதா என்று தெரியாமல் அத்தாயி பாதி உடம்பாகிப் போனாள்.

ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். இருவரும் போனார்கள்.

"தாள்ல எச்சில் இருந்துச்சுங்க ஐயா. தெளிவாத் தெரியறது உங்களுது மட்டுந்தான். மத்ததெல்லாம் பல பேருது கலந்து கெடக்குது, பிரிக்க முடியலைங்களாம். நீங்க எண்ணுனீங்களா?" என்றார் ஜெயப்பிரியா.

"மூணு தடவை எண்ணுனனுங்க. எவன் எண்ணிக் குடுத்தாலும் நான் எண்ணாம உள்ள வெக்கமாட்டனுங்க. அதுலதான் நான் இந்த அளவுக்கு…"

"அவன் வெச்சதையுமா?" என்றாள் அத்தாயி. "இருவத்தி மூணு வருசம் வளத்தமே, அவன் வெச்சதையுமா எண்ணுனீங்க?"

அவர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். "எம்பையன்தானுங்க அது. நான் சொல்றனுங்க. எங்க வேணும்னாலும் கைநாட்டு வெக்கறேன்."

"உங்க வார்த்தைய வெச்சுத் தோண்ட முடியாதுங்க ஐயா. உங்க பணத்தை மட்டுந்தான் நான் திருப்பித் தர முடியும்."

ஏட்டு தங்கசாமி உறையைப் பிரித்தார். நாச்சிமுத்து வாங்கக் கை நீட்டவில்லை. ஏட்டு அவர் கையைப் பிடித்து நிமிர்த்தி, விரிந்து கிடந்த உள்ளங்கையில் ஒவ்வொரு தாளாக ஐம்பதையும் எண்ணி வைத்தார்.