பேக்கரிப் பெட்டியில் படுத்திருந்தவர்

நான் எலும்புக்குப் பயந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் என்னை வீரன் என்று நம்பி ஏமாறக் கூடாது. கல்யாண வீட்டில் என் தட்டில் நல்லி எலும்பு விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் தட்டுக்கு மாற்றிவிடுவேன். அவர் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துக்கொள்வார். எனக்குக் கிடைத்த நல்ல பெயர்களில் பாதி இப்படிப் பயத்தில் கிடைத்தவைதான். கொல்லிமலையில் கிடைத்ததும் அந்த வகைதான்.

முள்ளுக்குறிச்சி பக்கம் எனக்கு அலுமினியம், கண்ணாடிக் கடை. ஷோகேஸ் செய்வேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்த பேக்கரியில் நின்று நீங்கள் எச்சில் விழுங்கியிருந்தாலும் அதில் எனக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. பின்பக்கம் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி பதிப்பேன்; ஆறு லட்டு பன்னிரண்டாகத் தெரியும். மேலே மஞ்சள் விளக்குப் பட்டை ஓட்டுவேன். நேற்றைய பப்ஸ் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியது போல இருக்கும்.

மலைமேல் புதிதாகத் திறக்க இருந்த சின்ன அருங்காட்சியகத்திலிருந்து அதன் பொறுப்பாளர் அம்மா போன் செய்தார். இடம் சிறியது, ஆள் உயரத்துக்கு, மூன்று தட்டு வைத்து ஒரு ஷோகேஸ் வேண்டும் என்றார். நீளம் கேட்டேன், அகலம் கேட்டேன், விளக்கு வேண்டுமா என்று கேட்டேன். உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. பானை, கல் கோடரி, துருப்பிடித்த வேல் என்று நானாகவே உள்ளே அடுக்கிப் பார்த்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே மாதிரியில் பெட்டியைச் செய்து, திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் காலை குட்டியானை வண்டியில் ஏற்றிக் கட்டி, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கண்ணாடிக்காகவும் எனக்காகவும் தனித்தனியாக வேண்டிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தேன்.

பெட்டியை நிறுத்தி விளக்கைப் போட்டேன். அருமையாக இருந்தது. கேக் மட்டும்தான் பாக்கி.

"ரொம்ப நல்லா இருக்கு சார். ஒரு நிமிஷம், வச்சுப் பார்த்துடலாம்" என்று அந்த அம்மா நீள மேசை மேலிருந்த பிளாஸ்டிக் தாளை விலக்கினார்.

பஞ்சு விரிப்பின் மேல் ஒரு ஆள் படுத்திருந்தார். ஆள் என்றால், ஆளில் மிச்சம் இருந்தது. தலை, தாடை, சில விலா எலும்புகள், கை, கால். எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில், காய்ந்த மண் நிறத்தில். அவர் கையுறை மாட்டிக்கொண்டு தலையை மட்டும் இரண்டு கையாலும் எடுத்து மேல் தட்டில் வைத்தார். மஞ்சள் வெளிச்சத்தில் அது என்னைப் பார்த்தது. பின்னால் இருந்த கண்ணாடியில் அதன் பிடரி தெரிந்தது. பிடரிக்குப் பக்கத்தில், வாயைப் பிளந்தபடி, இன்னொரு முகமும் தெரிந்தது. அது நான்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"கண்ணாடியில ரெண்டு ரெண்டா தெரியுதே" என்றார் அவர். "அதை மட்டும் எடுத்துடுங்க. நான் நாற்காலி ஏத்திட்டு வந்துடறேன். கதவுக்கு இன்னும் பூட்டு மாட்டலை, குரங்கு உள்ள வந்துடும். நீங்க இங்கேயே இருங்க சார், ப்ளீஸ்."

தலையைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். குரங்கிடமிருந்து மேசையில் படுத்திருந்தவரைக் காப்பாற்ற என்னை வைத்துவிட்டுப் போனார். என்னைக் காப்பாற்ற ஒரு குரங்கையாவது வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அப்போது பகல் பன்னிரண்டு மணி. பகலில் பயப்படுவது எவ்வளவு கேவலம் தெரியுமா? இருட்டின் மேல் பழி போட முடியாது. வெளியே பனிமூட்டம் ஜன்னல் வரை வந்து நின்றது. நான் வேலையைத் தொடங்கினேன். மேசைக்கு முதுகு காட்டி நின்றால், பின்னால் அவர் என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. முகம் காட்டி நின்றால் தெரிந்தது. அது இன்னும் மோசம். கடைசியில் நான் பதித்த கண்ணாடி வழியாகவே அவரைக் கண்காணித்தபடி ஸ்க்ரூவைக் கழற்றினேன். ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்து மேசைக்கு அடியில் உருண்டது. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கும்.

மனைவிக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவரு உங்களைப் பார்த்துப் பயப்படாம இருந்தா சரி" என்று வைத்துவிட்டாள்.

இறந்தவர்களை அடக்கம் செய்த கபரஸ்தானுக்குள் நுழையும்போது அங்கே இருப்பவர்களுக்கு சலாம் சொல்வது எங்கள் வழக்கம். சரி, மரியாதையாக நடந்துகொண்டால் நம்மை விட்டுவிடுவார் என்று, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது: சலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை. ஒரு மனிதர் தன் கடமையைத் தவறிவிட வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

இனித் தாங்காது என்று பையிலிருந்த மல் துணியை உருவினேன். கண்ணாடி துடைக்க வாங்கிய புதுத்துணி, வெள்ளை. தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் தடவித் தடவி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை அவர் மேல் போர்த்தினேன். போர்த்திய பிறகு நிலைமை இரண்டு மடங்கானது. முன்பு அது எலும்பு. இப்போது வெள்ளைத் துணிக்கு அடியில் ஒரு ஆள்.

"ஏனுங்க..."

பதில் வந்துவிட்டது என்றே நினைத்தேன். அடுத்து எனக்கு நினைவு வந்தபோது வேலைக்குக் கொண்டுவந்திருந்த ஏணியின் உச்சிப் படியில் இருந்தேன். ஏறிய ஞாபகம் இல்லை.

வாசலில் ஒரு மனிதர் நின்றார். என் வயதுதான் இருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, இடுப்பில் அணைத்த புது மூங்கில் கூடை.

"பயந்துட்டீங்களா பாய்?"

"இல்லீங்க. சும்மா ஏறிப் பார்த்தேன்."

"பல்லி புடிக்கறாப்ல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். மலையிலேயே பெரக்கரை நாடு என்ற பகுதியிலிருந்து வருவதாகச் சொன்னார். "இவரு நம்ம காட்டுல கெடைச்சவருங்க. குச்சிக்கிழங்கு புடுங்கையில கடப்பாரை ஒரு பலகைக் கல்லுல பட்டுச்சு. கல்லைப் பொரட்டுனா, அடியில படுத்திருக்காரு. மேடம் வந்து, நாலு பேரு பாத்துத் தெரிஞ்சுக்கோணும்னாங்க. ஆளை ஆளாட்டம் வெச்சுக்குவோம்னு ஒரு வார்த்தை வாங்கிட்டுத்தான் உட்டேன். அப்புடி வெக்கலீன்னா இன்னிக்கே எடுத்துட்டுப் போயி அதே குழியில படுக்க வெச்சு மூடிப்போடுவேன். ஊட்ல சொல்லிட்டுத்தான் வாரேன். அவருக்கு ஒரு வழி தெரியற மட்டும் அந்தக் காட்டுல ஒருத்தரும் கால் வெக்கறதில்லீங்க."

கூடைக்குள் கேழ்வரகு வைக்கோல் மெத்தையாகப் பரப்பி, மேலே மஞ்சளில் நனைத்த துணி விரித்திருந்தது. விளையாட்டுக்கு வந்தவர் இல்லை.

பிறகு என் பெட்டியைப் பார்த்தார். விளக்கு ஜகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. "இதென்னுங்க, கேக்குப் பொட்டியாட்டம்?"

"கேக்குப் பொட்டியேதாங்க."

மூன்று தட்டிலும் அந்த அம்மா அடையாளத்துக்குச் சீட்டு ஒட்டியிருந்தார். மேலே தலை, நடுவில் கை, கீழே கால். வந்தவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் இறுகிவிட்டது. "ஒரு ஆளைத் தட்டுத் தட்டாப் பிரிச்சு வெக்கறதாச்சும்?" என்று கூடையை எடுத்துக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினார்.

எனக்கு இன்னொரு பயம் பிடித்தது. இவர் எடுத்துப் போனால் அந்த அம்மா வந்து என்னைத்தான் கேட்பார். குரங்கு கொண்டு போய்விட்டது என்று சொன்னால் நம்புவாரா?

அவர் துணியைப் பார்த்து நின்றார். "இது ஆரு போத்துனது?"

"நான்தாங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "உங்க பக்கத்துல இப்புடித்தானுங்களா?"

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என்னைப் பற்றி ஒருவர் உயர்வாக நினைக்கும்போது குறுக்கே விழுந்து தடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. "ஆமாங்க. போர்த்தித்தான் வைப்போம். முகம் பாக்கணும்னு கேக்கறவங்களுக்கு மட்டும் தலைமாட்டுல ஒருத்தர் நின்னு துணியை விலக்கிக் காட்டுவாரு. பாத்ததும் மூடிருவாரு."

வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தா நினைவுக்கு வந்தார். என்னைப் பெற்ற அத்தா மவுத்தாகி, உடலைக் கிடத்தியிருந்த அன்று நான் முகம் பார்க்கக் கேட்கவில்லை. உள்ளே அழைத்தபோதெல்லாம் வாசலில் வந்தவர்களின் செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். எப்பேர்ப்பட்ட பணிவான மகன் என்று ஊரே சொன்னது. தூக்கிப் போகும்வரை அடுக்கிக்கொண்டே இருந்தேன். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினேன்.

"அப்புடீன்னா முகத்தைத் தொறங்க பாய்" என்றார் அவர். "நான் கேக்கறனுங்களே."

ஏணியிலிருந்து இறங்கி மேசைக்குப் போன அந்த நாலு எட்டு, காலையில் ஏறிவந்த மலைப்பாதையைவிட நீளம். துணியின் நுனியைப் பிடித்தேன். என் கை ஆடியதில் துணி மொத்தமும் ஆடியது. உள்ளிருந்து ஒருவர் புரண்டு படுப்பதுபோல இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு விலக்கினேன்.

"ஏனுங்க பாய், உங்க வழக்கத்துல கண்ணை மூடிட்டுத்தான் தொறக்கோணுமா?"

மாட்டிக்கொண்டேன். கண்ணைத் திறக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். மரியாதைக்குப் போர்த்தவில்லை, பயத்தில் போர்த்தினேன். ஏணியில் பல்லி பிடிக்கவில்லை. அத்தா, செருப்பு, எல்லாம். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தார்.

"கல்லைப் பொரட்டுன அன்னிக்கு நானு ஒத்தச் செருப்போட ஊட்டுக்கு ஓடுனவன்" என்றார். "இன்னொண்ணு எங்கேன்னு ஊட்ல கேட்டதுக்கு நாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னேன். அது இன்னும் குழிக்குப் பக்கத்துல கெடக்குதுங்க. இப்பவும் எனக்குக் காலு நடுங்குது, பாருங்க." பார்க்க முடியாது, என் கண் மூடியிருந்தது, ஆனால் மூங்கில் கூடை கிறீச் கிறீச்சென்று சத்தம் போடுவது கேட்டது. "பயம் இருக்கங்காட்டித்தானே வார்த்தை வாங்குனேன். பயமில்லாதவன் தட்டுல வெச்சுப்போடுவான்."

ஜீப் வந்தது. அந்த அம்மா உள்ளே வந்து கூடையைப் பார்த்ததும் விஷயம் புரிந்து வெளிறிப்போனார். நாளைக்கு விழா. அவர் மோசமானவர் இல்லை. தட்டுத் தட்டாக வைத்தால் பற்களைப் பக்கத்தில் காட்டலாம், என்ன சாப்பிட்டிருப்பார், என்ன வேலை செய்திருப்பார் என்று விளக்கலாம் என்பது அவர் எண்ணம். "மூடி வச்சா அப்புறம் மியூசியம் எதுக்குங்க? பார்க்கத்தானே வர்றாங்க?"

"பாக்கட்டுங்க. பாக்கறேன்னு கேட்டுட்டுப் பாக்கட்டும்" என்றார் மலைக்காரர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பயந்தவனுக்கு ஒரு அறிவு உண்டு: எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் வெளியேறும் வழியை முதலில் பார்த்து வைத்துக்கொள்வான். அந்த அறிவில்தான் பேசினேன். உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று வாசலிலேயே எழுதி வையுங்கள். என்னைப் போன்றவர்கள் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி விடுங்கள். விளக்கு எந்நேரமும் எரிய வேண்டாம். துணி மேலே இருக்கட்டும். பார்க்க நினைப்பவர் தானே விலக்கிப் பார்த்து, தானே மூடிவிட்டுப் போகட்டும். பல்லைப் பற்றிச் சொல்லப் படம் வரைந்து சுவரில் மாட்டலாமே?

அந்த அம்மா யோசித்தார். "வெளிச்சம் குறைஞ்சா எலும்புக்கும் நல்லதுதான்" என்றார் மெதுவாக. "ஆனா இந்தப் பெட்டியில படுக்க வைக்க முடியாதே?"

"பெட்டியையே படுக்க வச்சிட்டா?"

தட்டுகளைக் கழற்றினோம். சீட்டுகளை அந்த அம்மாவே கிழித்தார். பெட்டியை மல்லாத்தினோம். முன்பக்கக் கண்ணாடி மேல் மூடியானது. நான் கழற்றி முடிக்காமல் விட்ட முகம் பார்க்கும் கண்ணாடி அடிப்பலகையானது. உயரம் குறைந்து இடுப்புக்குக் கீழே போய்விட்டது. பார்ப்பவர் தலை குனிந்தே ஆக வேண்டும். எலும்பைத் தோண்டும்போது மலைக்காரர் காட்டிலிருந்து எடுத்துக் காயவைத்துச் சலித்த மண் இரண்டு மூட்டை பின்கட்டில் இருந்தது. அதைக் கண்ணாடி மேல் பரப்பினோம். எங்கள் மூன்று பேர் முகமும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் மறைந்தது. என் முகம் மறைந்ததும் அடுத்த மூட்டையை அவிழ்க்கும் சாக்கில் நான் எழுந்து போய்விட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவரைப் படுக்க வைத்து, மூடியைப் பொருத்தி, மேலே மல் துணியைப் போர்த்தினோம். மலைக்காரர் கூடையைக் கீழே வைக்கவில்லை.

"பாய், நீங்க கேளுங்க" என்றார்.

"என்னத்தைங்க?"

"பாக்கோணும்னு."

கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டேன். அவர் தலைமாட்டில் நின்று துணியை விலக்கினார். தலையைக் குனிந்தேன். கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். ஒரு பக்கத்துப் பற்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன. மறுபக்கத்துப் பற்கள் அப்படியே இருந்தன. அந்தப் பக்கம் ஒரு பல்லில் குழி. பல்வலி. மனுஷன் ஒரு பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டியிருக்கிறார். நானும் இடது பக்கம்தான் மெல்கிறேன், டாக்டர் வரச்சொல்லி நாளாகிறது, பயம், போகவில்லை.

"போதுங்களா?"

"இன்னும் கொஞ்சம்" என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். முழங்கால் நடுக்கம் நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டே பார்க்கலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. செருப்பு அடுக்கிய அன்றைக்குத் தெரிந்திருந்தால்.

அவர் மூடினார். கூடையிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து மடித்துத் தலைமாட்டில் வைத்தார். வைக்கோலை வெளியே உதறினார்.

திரும்பும்போது அவரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். வெறுங்கூடை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. தன் ஊர்ப் பிரிவில் இறங்கினார்.

"நாளைக்குக் காட்டுக்குப் போவீங்களா?" என்று கேட்டேன்.

"போகோணும். செருப்பு அங்கியே கெடக்குதுங்களே" என்றார். பிறகு ஜன்னலுக்குள் குனிந்து என் கையைப் பார்த்தார். ஸ்டியரிங் மேல் அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. "பயமா இருந்துச்சுன்னா ஆரனை அடிச்சுட்டே போங்க சாமி."

அடித்தேன். வளைவுகளில் ஹாரன் அடித்தேன். வளைவே இல்லாத இடத்திலும் அடித்தேன். அடிவாரத்தில் டீக்கடைக்காரர் எழுந்து வந்து, என்ன பாய், பின்னால் யாராவது துரத்துகிறார்களா என்று கேட்டார். வண்டிக் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்றேன்.