கல்லில் அடித்த போர்வை

போர்வையை அக்குளில் இடுக்கிக்கொண்டு உப்புப் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் அந்த அக்கா இன்னும் வாசலில்தான் நின்றிருப்பார். திரும்பிப் பார்க்கவில்லை. போர்வையின் ஈரம் சட்டையில் இறங்கி விலாவில் ஒட்டியது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். எந்த ஊரிலும் நிலையாகத் தங்கியதில்லை. அப்போது மரக்காணத்தில், ஈசிஆர் ஓரம் ஒரு பாய் வைத்திருந்த ஃபோட்டோ கடையில் வேலை. மங்கினதோ கறைபட்டதோ, ஜனங்கள் கொடுக்கும் பழைய படத்தை பாய் கம்ப்யூட்டரில் சரிசெய்து வெளியூர் மில்லுக்கு அனுப்புவார். அங்கே அதை அச்சடிக்காமல் நூலிலேயே நெய்து போர்வையாக அனுப்புவார்கள். ஆர்டர் பிடிப்பதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை.

அக்காவுக்கு உப்பளத்தில் வேலை. புருஷன் இறந்து பல வருஷம். அவர் இருக்கிற படம் ஒன்றுதான் மிச்சம். ஆயுத பூஜை அன்று வேலையாட்களை உப்பளத்தில் நிறுத்தி யாரோ செல்லில் எடுத்தது. தலையில் துண்டோடு ஓரத்தில் நிற்கிறார். பின்னால் உப்புக் குவியல். வெயிலுக்கு இடுக்கிய கண். முகம் பச்சைப்பயறு அளவுதான். பெரிதாக்கிவிட்டு, கண்ணையும் திறந்துவிடலாம் என்றார் பாய்.

“வேணாங்க பாய். கண்ணத் தொறந்தா அது அவரு இல்ல,” என்றார் அக்கா.

பிரம்மதேசத்தில் கட்டிக்கொடுத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்த மாட்டார்கள். பெரியவர்கள் உடுத்தி நைந்த துணிதான் வேண்டும். தாத்தா வேட்டி கிடைத்தால் விசேஷம். இந்தத் தாத்தாவின் வேட்டிகள் அவர் செத்த அன்றே போய்விட்டன. பிள்ளை முதலில் அவர் மேல்தான் படுக்க வேண்டும் என்றுதான் அக்கா போர்வைக்குச் சொன்னார்.

போர்வை நன்றாகவே வந்தது. கொடுத்த அன்று மடியில் விரித்து, அந்தத் துண்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னைப் போகச் சொல்லவும் மறந்துவிட்டார்.

ஆனால் அது புதுத்துணி. புதுசைப் பழசாக்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. கரிக்கிற போர்வெல் தண்ணீரில் முக்கிக் கல்லில் அடித்தார். உப்பு வரப்பில் காயப்போட்டார். மறுநாளும் அடித்தார். பிள்ளை பிறப்பதற்குள் நைந்துவிட வேண்டும் என்று அவசரம். அன்று காலை என்னைக் கூப்பிட்டு விரித்துக் காட்டினார். துண்டு தெரிந்தது, உப்புக் குவியல் தெரிந்தது. நடுவே, முகம் இருந்த இடத்தில், நூல் கிளம்பி வெறும் பிசிறாக இருந்தது.

“இதச் சரி பண்ணி எடுத்துட்டு வா தம்பி. புள்ள வர்றதுக்குள்ள.”

கடையில் பாய் மேஜைமேல் போட்டுப் பார்த்தார். விரலால் நூலை உள்ளே தள்ளிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏம்பா, போர்வையத் தோச்சாங்களா, நெல்லு அடிச்சாங்களா?”

“பழசாக்கணும்னு அடிச்சிருக்காங்க பாய். புதுத்துணி புள்ளைக்கு ஆவாதாம்.”

சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். மில்லுக்குப் போன் போட்டார். “படம் இருக்குது, இன்னொண்ணு நெய்யலாம். ஆனா தறி காலி இல்லையாம். அடுத்த மாசம்தான்னு சொல்லிட்டான்.” போனை மேஜையில் வைத்தார். “வந்தாலும் அதுவும் புதுசுதானே?”

அடிக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது. அடித்தால் தாத்தா இருக்கமாட்டார். போர்வையைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே நடந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. மகளுக்கு வலி எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா உள்ளே தன் பழம்புடவை ஒன்றைக் கிழித்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்தார்.

“ஆவலியா?”

“ஆவலக்கா.”

“சரி, அதையும் குடு. ஆஸ்பத்திரில கீழ விரிச்சிப் படுக்க ஆவும்.”

எனக்குக் கொடுக்கக் கை வரவில்லை. “அவரு மேலயாக்கா படுப்பீங்க?”

“மூஞ்சி இருந்தா மிதிக்கக் கூடாது,” என்றார். “அதான் இல்லையே.”

வாங்கிப் பையின்மேல் வைத்து அமுக்கினார். ஆட்டோவில் ஏறப்போனவர் திரும்பினார். “நான் வரலைன்னா மேஸ்திரி நாளைக்கே என் எடத்துல வேற ஆள விட்டுருவாரு. அப்புறம் திரும்ப நுழைய முடியாது. ஒனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா நான் வர்ற வரைக்கும் நிக்கச் சொல்லு தம்பி.”

எனக்கு அந்த ஊரில் தெரிந்தவர்கள் பாயும் அவரும்தான்.

காலையில் வெளிச்சம் வந்ததும் உப்பளத்துக்குப் போனேன். அக்காவுக்குப் பதிலாக வந்திருக்கிறேன் என்றேன். மேஸ்திரி என் செருப்பைப் பார்த்தார்.

“டேய், போட்டோ கட ஆளுதான நீ? இங்க சிரிச்சிட்டு நின்னா உப்பு தானா வராது.”

“அவங்க வர்ற வரைக்கும் நிக்கிறேன் மேஸ்திரி.”

“எப்ப வருவாங்க?”

“தெரியல.”

உப்பு வாரும் பலகையை எடுத்து என் கையில் கொடுத்தார். தலையில் ஒரு துண்டைப் புருவம் மறைய இறக்கிக் கட்டச் சொன்னார். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுப் பாத்தியில் இறங்கினேன். உப்பு காலைக் கிழித்தது. வெயில் ஏறியபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. இடுக்கிக்கொண்டே பலகையை இழுத்தேன்.