மீன்கடைப் பெரிலும் நீலத் தகடும்

சந்தைத் திடலில் கிளைவ் ராட்பர்ன் சுற்றிப்பார்க்க வந்தவர்களுக்கு ஊர் வரலாறு சொல்லிக்கொண்டிருக்க, கூட்டத்தின் கடைசியில் பெரில் ஹாஸ்கின்ஸ் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நிற்பார். உள்ளே வினிகர் தெளித்த உருளைக்கிழங்கு வறுவல். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவரும் தையற்காரரும் ஒரே வீட்டில் காலம் தள்ளிய கட்டை பிரம்மச்சாரிகள் என்று கிளைவ் சொல்லும்வரை பொறுமையாக மெல்லுவார். அப்புறம் பின்னாலிருந்து குரல் வரும்.

"ஏம்ப்பா கிளைவ், அந்த வீட்டுல இருந்தது ஒரே கட்டில்தானே. அதையும் சேத்துச் சொல்லேன்."

வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கிளைவின் காது சிவக்கும். பெரில் அவரிடம் பொட்டலத்தை நீட்டுவார். "எடுத்துக்க தங்கம், ஆறிடப்போவுது."

வயது எண்பத்தொன்று. வாழ்நாளெல்லாம் மீன் பொரித்துப் பழகிய மூக்கு. யார் வீட்டு எண்ணெய் சிக்கடித்திருக்கிறது என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். இந்த மார்ல்பெக் ஊரில் அவரும் அவர் காதலி மாவிஸும் நடத்திய பொரித்த மீன்கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆனால் பின்னறையில் விளக்கு எரியும். ஆணை நேசித்த ஆண்களும் பெண்ணை நேசித்த பெண்களும் சுற்றுவட்டாரத்தில் பயமில்லாமல் கைகோத்து உட்கார அந்த ஓர் அறைதான் இருந்தது. ஒருமுறை யாரோ சன்னலில் செங்கல்லை விட்டெறிந்தார்கள். புகார் கொடுக்கப் போனால், நீங்கள் ஒழுங்காக இருந்தால் யார் எறியப்போகிறார்கள் என்று கேட்டார் போலீஸ்காரர். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? மறுநாள் அட்டை ஒட்டிய சன்னலுக்குப் பின்னால் இருவரும் மீன் பொரித்தார்கள். அதே போலீஸ்காரர் வெட்கமில்லாமல் வந்து வரிசையில் நின்றார்.

சட்டம் இடம் கொடுத்ததும் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். மாவிஸ் போய்ச் சேர்ந்த பிறகு ஊருக்குத் திடீரென்று பெருமை பொங்கியது. பேர் பெற்றவர்கள் வாழ்ந்த இடங்களில் பதிப்பதுபோல், பழைய கடைச் சுவரிலும் நீலத் தகடு பதிக்கிறோம் என்றார்கள். அதில் தன்னை மாவிஸின் மனைவி என்று போடவேண்டும். பெரில் கேட்டது அது ஒன்றுதான். தகட்டு வாசகத்தை எழுதும் பொறுப்பிலிருந்த கிளைவும் சரியென்று தலையாட்டினார்.

திறப்பு விழாவுக்கு மேயர் கழுத்தில் பதவிச் சங்கிலியெல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். தகட்டை மறைத்திருந்த சின்னத் திரையின் கயிற்றைப் பெரில் இழுத்தார். 'மாவிஸ் கிரேவும் அவர் தோழி பெரிலும் இங்கே மீன்கடை நடத்தினர்.'

எல்லோரும் கை தட்டினார்கள். கிளைவ் பெரிலின் காதருகே குனிந்தார். "போறவங்க வர்றவங்க பாக்கற சுவரு பாருங்க. இப்படி இருந்தா யாருக்கும் சங்கடமில்ல."

"எனக்கு இருக்குப்பா."

பெரில் திரையை இழுத்து மூடினார். மேயர் பார்த்துக்கொண்டிருக்க, கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினார்.